விராலைக் கண்மாயில் விட்டுவரப் போனோம்

கார்த்திகை மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு மதுரை அண்ணாநகரில் நகரப் பேருந்து ஏறினேன். பயணக் கட்டுரை என்றால் கட்டணத்தைச் சரியாகக் குறிப்பிட வேண்டும் என்பார்கள். மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து என்பதால் பெரியார் நிலையம் வரைக்கும், அங்கிருந்து இன்னொரு பேருந்தில் நாகமலை புதுக்கோட்டை வரைக்கும் எனக்கு ஆன செலவு ஒன்றுமில்லை. இமயமலைக்கும் இலங்கைக்கும் போய்வந்து எழுதுகிறவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். சனிக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடு சேரக்கூடிய ஊர்களுக்குத்தான் எனக்குப் பயணம் வாய்க்கும். இந்த முறை போக வர நூற்று எண்பது கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் கூட வந்தவை முந்நூறு விரால் குஞ்சுகள். அந்த வகையில் இமயமலைக்காரர்களுக்கு நான் சளைத்தவள் இல்லை.

குஞ்சுகளின் சொந்தக்காரி ஸ்டெல்லா. எங்கள் பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாக இருந்தவள். ஆறு வருடத்துக்கு முன்பு வேலையை உதறிவிட்டு, நாகமலைக்குப் பின்புறம் அவள் அப்பா விட்டுப்போன இடத்தில் சிமெண்டுத் தொட்டிகள் கட்டி விரால் குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்தாள். பிள்ளைகளை மேய்த்தது போதாதென்று மீனை மேய்க்கப் போகிறாள் என்று ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். இன்று சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் தொட்டியில் மீன் வளர்க்கிறவர்கள் அவளிடம் வந்து வாங்கிப் போகிறார்கள். அதில் அவளுக்குக் குறையில்லை. குறையெல்லாம் கண்மாயில் விடுகிற மீன்களைப் பற்றித்தான்.

பண்ணை தொடங்கியபோது தாய் மீன்களாக நான்கு விரால்களை மேலூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றிலிருந்து பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கண்மாயில் அதற்கப்புறம் விராலே அருகிப்போயிற்று. அவள் எடுத்த நான்கினால் ஒரு கண்மாயே வற்றிவிடாது என்று யார் சொன்னாலும் ஸ்டெல்லா கேட்கமாட்டாள். வாங்கின இடத்தில் திருப்பி வைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். போன வருடம் இதே மாதத்தில் இருநூறு குஞ்சுகளைக் கொண்டுபோய் விட்டாள். இன்றைக்குப் போவது இரண்டாம் முறை.

ஆறரை மணிக்கு நான் பண்ணைக்குள் நுழைந்தபோது வெள்ளை மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு தொட்டி விளிம்பில் ஒருத்தி குனிந்து நின்றாள். கையில் கல்யாணச் சமையலுக்கு எடுக்கும் நீளக் கரண்டி. சத்தமில்லாமல் கொஞ்ச நேரம் அசையாது நிற்பாள், பிறகு சடக்கென்று கரண்டிக் காம்பைத் தண்ணீருக்குள் குத்துவாள். குஞ்சுகள் சிதறி அடியில் கிடந்த ஓலைக்குள் போய் ஒளிந்தன.

"என்னடி பண்ற?"

"கொக்கு" என்றாள், திரும்பாமலே. "ரெண்டு மாசமா காலைல நான்தான் கொக்கு. வெள்ளையா ஒண்ணு மேல நின்னா ஓடணும்னு அதுகளுக்குத் தெரியணும்ல?"

பன்னிரண்டு வருடம் ஆசிரியையாக இருந்தும் ஒரு பிள்ளைகூட அவளுக்குப் பயந்ததில்லை. தேர்வு அறையில் அவள் மேற்பார்வை என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அப்படிப்பட்டவள் மீனைப் பயமுறுத்தப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

விரால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கிற மீன். அதனால் ஆக்சிஜன் நிரப்பிய பைகள் தேவையில்லை. மூடியில் ஓட்டை போட்ட நீல டிரம்கள் ஆறு, ஒவ்வொன்றிலும் கால் பங்குத் தண்ணீர், கொஞ்சம் பாசி. ஒவ்வொரு குஞ்சும் என் கைவிரலைவிடச் சற்று நீளம். டிரம்மில் போடுவதற்கு முன்பு ஒன்றிரண்டை ஈரக்கையில் மல்லாத்தி எனக்குக் காட்டினாள். விராலுக்கு வயிற்றடியில் ஜோடியாக இரண்டு சின்னத் துடுப்புகள் உண்டு. இந்தக் குஞ்சுகளுக்கு வலது பக்கத் துடுப்பை அடியோடு கத்தரித்திருந்தாள். போன வருடம் விட்டவற்றுக்கு இடது பக்கம். அப்படிக் கத்தரித்தால் திரும்ப முளைக்காதாம். மீனுக்கு அதனால் பெரிய தொந்தரவும் இல்லையாம். என்றைக்காவது பிடிபட்டால் இது நம் மீன் என்று தெரியவேண்டும், அவ்வளவுதான்.

"போன வருஷத்து மீனு எதுவும் கிடைச்சுதா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுகூட இல்ல." மழைக்கோட்டைக் கழற்றிக் கொடியில் போட்டாள். "இன்னிக்குப் போயும் ஒரு தடயமும் இல்லேன்னா இதோட நிறுத்திக்கிறேன் வசந்தி. தொட்டிக்காரங்களுக்கு வித்தோமா, இருந்தோமான்னு இருந்துக்கிறேன். சாகக் கொடுக்கிறதுக்காக வளக்க எனக்குத் தெம்பில்ல."

அதைச் சொல்லும்போது முகத்தை டிரம் பக்கம் வைத்துக்கொண்டாள்.

ஏழு மணிக்கு டிரம்களை ஏற்றிக்கொண்டு குட்டி யானை லாரி கிளம்பியது. ஓட்டியவர் சேகர் அண்ணன். ஐம்பது வயது, கறுத்த தொப்பை, விரால் குழம்பு என்றால் உயிரை விடுகிறவர். மூன்று பேரும் முன்னிருக்கையில் நெருக்கி உட்கார்ந்தோம். ஊருக்குள் நுழையாமல் கப்பலூர் போய், அங்கிருந்து சுற்றுச் சாலையைப் பிடித்து ஒத்தக்கடை, மேலூர் என்று போவதாகத் திட்டம். தூரம் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் சிக்னல் குறைவு.

"பிரேக் போட்டா உள்ள தண்ணி அலம்பும்மா. அதுகளுக்குத் தல சுத்தும்" என்றார் சேகர் அண்ணன். "எம் பொண்டாட்டிய பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போனப்பகூட நான் இம்புட்டு மெதுவாப் போகல."

கப்பலூரில் தொழிற்பேட்டைக்கு எதிரில் டீக்கு நிறுத்தினோம். டீ பதினைந்து ரூபாய், வடை பத்து ரூபாய். வடையில் உளுந்தைவிட எண்ணெய் அதிகம். முதல் ஷிப்ட் ஆட்கள் சாப்பாட்டுத் தூக்கோடு ஆலைகளுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். சேகர் அண்ணன் குஞ்சுகளின் நலம் விசாரிக்கிற பாவனையில் டிரம் மூடியைச் சாவியால் டொக் டொக்கென்று தட்டினார்.

"தட்டாதீங்கண்ணே!"

ஸ்டெல்லா போட்ட சத்தத்தில் வடைக்காரர் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சேகர் அண்ணன் கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல் சாவியைப் பைக்குள் போட்டார். பிறகு அவளே சமாதானமாகி, ஏன் கத்தினாள் என்பதை எங்கள் இருவருக்கும் சொன்னாள். இந்தக் கதையை அவள் எனக்கே முழுதாகச் சொன்னதில்லை.

போன வருடம் குஞ்சுகளுக்குத் தீனி போடும்போதெல்லாம் எவர்சில்வர் தட்டைத் தொட்டி விளிம்பில் தட்டிப் பழக்கியிருக்கிறாள். டிங் டிங் என்றால் போதும், இருநூறும் மேலே வந்து வாயைப் பிளக்கும். உள்ளங்கையில் தீனியை வைத்துத் தண்ணீருக்குள் நீட்டினால் கையிலிருந்தே தின்னும். அதில் அவளுக்கு ஒரு பெருமை. வந்தவர்களுக்கெல்லாம் தட்டிக் காட்டுவாள். அப்படியே கொண்டுபோய்க் கண்மாயில் விட்டாள். அந்தக் கண்மாய்க்கு ஒரு படித்துறை உண்டு. காலையும் சாயங்காலமும் ஊர்ப் பெண்கள் பாத்திரம் விளக்குகிற இடம். குண்டானும் கரண்டியும் கல்லில் பட்டு டிங் என்றதும் மொத்தக் குஞ்சுகளும் படித்துறைக்கு வந்து சேர்ந்து, தலையைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக்குக் காத்து நின்றிருக்கின்றன.

"வலை வேணாம், தூண்டில் வேணாம். குண்டான்ல மோந்து எடுத்தாங்களாம்" என்றாள். "மிச்சத்தைக் கொக்கு பாத்துக்கிச்சு. பஞ்சவர்ணம்னு அந்த ஊர்ல ஒரு அக்கா. அவங்கதான் போன் பண்ணி, 'டீச்சரம்மா, ஒங்க மீனு எங்க பாத்திரத்துக்குள்ள வந்து ஏறுது, என்ன மாயம் வச்சீங்க'ன்னு சிரிச்சாங்க. நானும் போன்ல சிரிச்சேன். வச்சுட்டு அழுதேன்."

சேகர் அண்ணன் தம்ளரைக் கீழே வைத்தார். "அதுல நீங்க என்னம்மா செய்வீங்க?"

"நான் வளத்த வளப்புலதான் அதுக செத்துச்சு. கொக்கு மேலயோ ஊர்க்காரங்க மேலயோ எனக்கு ஒண்ணும் இல்லண்ணே."

அதனால் இந்த வருடம் தட்டும் இல்லை, கையும் இல்லை. மறைவாக நின்று குழாய் வழியாகத் தீனி தள்ளினாள், அதுவும் நேரம் மாற்றி மாற்றி. உயிரோடு தலைப்பிரட்டைகளை விட்டு வேட்டையாடப் பழக்கினாள். தொட்டியின் ஓரத்தில் வலைத்தடுப்புக்கு அப்பால் ஒரு பெரிய விராலை வைத்து, பெரிய மீன் அருகில் வந்தால் பயப்பட வைத்தாள். காலையில் தானே கொக்கானாள். இரண்டு மாதமாக இந்த முந்நூறும் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. தொட்டிப் பக்கம் போய்க் கொஞ்ச வேண்டும் போல் இருக்குமாம். அப்போதெல்லாம் வீட்டுக்குள் போய் டிவி போட்டுக்கொள்வாளாம்.

விரகனூர் தாண்டி, பாண்டி கோயில் தாண்டி, மாட்டுத்தாவணிக்குப் பிரிகிற இடத்தில் சேகர் அண்ணனே வண்டியை ஓரம் கட்டினார். பஞ்சவர்ணம் அக்காவைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்று சொல்லிவிட்டு, சாலையோரக் கூடைக்காரியிடம் மல்லிகை இரண்டு முழம் வாங்கிவந்தார். முழம் ஐம்பது ரூபாய், பனிக்காலம் அல்லவா. வண்டி முழுக்கப் பாசி நாற்றமும் மல்லிகை வாசமும் கலந்து அடித்தது. ஒத்தக்கடையில் யானைமலை வெயிலில் பளபளத்தது. மேலூர் நெருங்க நெருங்கச் சாலையின் இரண்டு பக்கமும் வயல்கள் நாற்றுப் பச்சையாகிவிட்டன. மழை பெய்து ஓய்ந்து ஐந்தாறு நாள்தான் ஆகியிருந்தது.

மேலூருக்கு அப்பால் உள்ள அந்த ஊரின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். டீ விலை வரைக்கும் எழுதுகிறவள் ஊர்ப் பெயரை மறைப்பது முறையல்லதான். ஆனால் விரால் இருக்கிறது என்று அச்சில் வந்துவிட்டால் மறுவாரமே தூண்டிலைத் தூக்கிக்கொண்டு மதுரையிலிருந்து மோட்டார் சைக்கிள்கள் கிளம்பிவிடும் என்று ஸ்டெல்லா கையெடுத்துக் கும்பிட்டாள். மேலூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது மணிக்குக் கண்மாய்க் கரையேறினோம். நிறைந்த கண்மாய். காற்றில் சின்னச் சின்ன அலை கரைக்கல்லில் வந்து தட்டியது. நடுவில் பாதி முங்கிய கருவேல மரங்கள், அவற்றின் மேல் நீர்க்காகங்கள். எனக்கு ஏனோ அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் டிரம்முக்குள் இருக்கிற முந்நூறும் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தன. இவ்வளவு பெரிய இடத்தில் அதுகள் எப்படிப் பிழைக்கும்?

பஞ்சவர்ணம் அக்கா படித்துறையில் காத்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், வாய் நிறைய வெற்றிலை, வாய் கொள்ளாப் பேச்சு.

"வாங்க டீச்சரம்மா. இதாரு, கூட்டாளியா? வாங்கத்தா. போன வருசம் இவக கொண்டாந்த மீனுல நான் அஞ்சு தின்னேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல ருசி. தின்னுட்டு அப்புறம் மனசு கேக்கல. எங்கிட்ட வந்து வாயத் தொறந்து நின்ன மீன நானே அள்ளுனேனேன்னு."

மல்லிகையைக் கொடுத்ததும் அங்கேயே தலையில் வைத்துக்கொண்டார். இந்த ஊரில் கோடையில் மீன்பிடித் திருவிழா உண்டு. கண்மாய் வற்றி முழங்கால் ஆழம் ஆனதும் ஒரு நாள் குறித்து, சுற்றுப்பட்டி சனமெல்லாம் ஒரே நேரத்தில் இறங்கி, கிடைத்ததை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அதுவரை யாரும் வலை போடக் கூடாது என்பது கட்டுப்பாடு. இந்த வைகாசியில் நடந்த திருவிழாவுக்கு ஸ்டெல்லாவும் வந்திருக்கிறாள். கரையில் நின்று, போகிற கூடையையெல்லாம் மறித்து, விராலாக இருந்தால் மல்லாத்திப் பார்த்திருக்கிறாள். ஒன்றில்கூட வெட்டுத் துடுப்பு இல்லை.

"ஒவ்வொரு கூடையா அந்தம்மா எட்டிப் பாத்ததப் பாத்து எங்களுக்கே சங்கட்டமாப் போச்சு" என்றார் அக்கா என்னிடம். பிறகு ஸ்டெல்லாவின் கையைப் பிடித்தார். "இன்னிக்கு ஒங்களுக்கு ஒண்ணு காட்டணும். அதுக்குத்தான் வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன். போன்ல சொன்னா நம்ப மாட்டீக."

கரையோடு கொஞ்ச தூரம் கூட்டிப்போனார். ஓரிடத்தில் தண்ணீரையொட்டி ஒரு கம்பு நட்டிருந்தது. அதன் நுனியில் வேப்பங்குலை கட்டியிருந்தது. பிள்ளை பெற்ற வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது போலத்தான் இதுவும். விரால் குஞ்சு பொரித்துக் காவல் காக்கிற இடம் என்று அடையாளம். வேப்பங்குலை கட்டிய இடத்தில் குஞ்சுகள் பெரிதாகிப் பிரிந்து போகிறவரை யாரும் தூண்டில் போடுவதில்லை, துணி துவைப்பதில்லை, மாட்டைக்கூட இறக்குவதில்லை. இந்த ஊர் வழக்கம் அது.

"நாலு வருசமா இந்தக் கம்பு நட வேல வரல டீச்சர்" என்றார் அக்கா.

தண்ணீரைப் பார்த்தோம். ஒரு முறம் அகலத்துக்குச் செக்கச் செவேலென்று கலங்கியது. மழைத் தூறல் விழுகிற மாதிரி மேற்பரப்பு பொடிப்பொடியாகத் துடித்தது. பொரித்துச் சில நாளே ஆன, இன்னும் சிவப்பு மாறாத நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒன்றாக மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு ஒன்றாக இறங்குகின்றன. அவற்றுக்கு அடியில் கறுப்பாக ஒரு நிழல் நிதானமாகச் சுற்றியது.

ஸ்டெல்லா கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சேலை சேறாவதைப் பற்றி அவளுக்கு நினைப்பில்லை.

எல்லோர் மனசிலும் ஒரே கேள்விதான். அடியில் சுற்றுகிற மீன் அவள் வளர்த்ததா? கால்வாய்த் தண்ணீரோடு எங்கிருந்தோ வந்த மீனாகவும் இருக்கலாம். வெளியில் பிறந்த விராலுக்குக் குஞ்சைக் காக்கத் தெரியும், அதில் அதிசயமில்லை. தாயையே பார்க்காமல், சிமெண்டுத் தொட்டியில் தட்டுச் சத்தத்துக்கு வளர்ந்த மீன் தானாக இதைச் செய்யுமா என்பதுதான் ஸ்டெல்லாவுக்குத் தெரியவேண்டியது.

"அதுக்கென்ன, இப்பவே பாத்திரலாம்" என்றார் பஞ்சவர்ணம் அக்கா. குஞ்சுக் கூட்டத்தின் மேல் தவளையைக் கோத்த தூண்டிலைப் போட்டால், குஞ்சைத் தின்ன வந்த எதிரி என்று காவல் மீன் பாய்ந்து அடிக்கும். பசியில் இல்லை, கோபத்தில். வெளியூர்க்காரர்கள் இப்படித்தான் தாய் மீனைத் திருடுவார்களாம். "தூக்கி வயித்தப் பாத்துட்டு உடனே விட்ருவோம். ஊருக்குள்ள நான் பேசிக்கிறேன். அஞ்சு மீனத் தின்னுருக்கேன்ல, இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

நான் ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அவசரம். "பாத்துருடி. ஒரு நிமிஷ வேலைதானே" என்றேன்.

அவள் கூட்டத்தின் ஓரத்தைக் காட்டினாள். இரண்டு மூன்று ஜிலேபிக் கெண்டைகள் தள்ளி நின்றபடி சமயம் பார்த்துக்கொண்டிருந்தன. கறுப்பு நிழல் அந்தப் பக்கம் திரும்பியதும் விலகின, மறுபடி நெருங்கின.

"ஒரு நிமிஷம் அது இல்லேன்னா இதுக பாதியத் தின்னுரும். தூண்டில்ல வாய் கிழிஞ்ச மீனு திரும்பிப் போய்க் காவல் நிக்குமா, ஓடிருமா, யாருக்குத் தெரியும்?" தலையை ஆட்டினாள். "வேணாம்க்கா. எனக்குத் தெரியணும்கிறதுக்காக அதுக பிள்ளைக சாக வேணாம்."

"அப்ப நிறுத்திக்கிறேன்னு சொன்னியே, அது?"

"அது அப்படியேதான் இருக்கு. தடயம் கிடைச்சாத்தான் இனிமே வருவேன்னு சொன்னேன். இது தடயமில்ல." எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "வா, கொண்டாந்ததை விடுவோம்."

எனக்கு அவள்மேல் எரிச்சலாக வந்தது. அதே நேரம் அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் டிரம்மின் ஒரு பக்கத்தைத் தூக்கினேன்.

படித்துறைக்கு நேர் எதிர்க்கரையில் கோரை அடர்ந்த இடமாகப் பார்த்து இறங்கினோம். டிரம்மைச் சாய்த்துக் கண்மாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு, குஞ்சுகள் அந்தச் சூட்டுக்குப் பழகட்டும் என்று காத்திருந்தோம். பிறகு டிரம்மைத் தண்ணீருக்குள் படுக்கவைத்தோம். போன வருடம் விட்டபோது குஞ்சுகள் அவள் காலைச் சுற்றியே நின்றனவாம், விரட்டினாலும் போகவில்லையாம். இந்த முறை அவளுடைய நிழல் விழுந்ததும் விருட்டென்று கோரைக்குள் பாய்ந்தன. கடைசி டிரம் காலியானபோது ஒரு குஞ்சும் கண்ணில் தட்டுப்படவில்லை. ஆறு டிரம்மையும் கழுவிக் கவிழ்த்து அடுக்கினாள். இனி இங்கே வரும் வேலை இல்லை என்பது போல் மூடிகளைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினாள்.

பதினொன்றரை மணிக்குக் கிளம்பலாம் என்றார் சேகர் அண்ணன். ஸ்டெல்லா இன்னும் ஒரு முறை செங்குஞ்சுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். நாலு பேரும் வேப்பங்குலைக்குப் போனோம். கூட்டம் இப்போது கரையை ஒட்டியே வந்திருந்தது. அக்காவிடம் கேட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கெண்டைக்கால் தண்ணீரில் சத்தமில்லாமல் இறங்கிக் குனிந்தாள். குஞ்சுகளில் கொஞ்சம் பிரிந்து அவள் பக்கமாக வந்தன. அவள் என்ன நினைத்தாளோ, வலது உள்ளங்கையை விரித்துத் தண்ணீருக்குள் வைத்தாள். வருடக்கணக்காகத் தொட்டியில் தீனி கொடுத்த கை. அது பாட்டுக்குப் போய்விட்டது. செங்குஞ்சுகள் அவள் விரல்களுக்கு மேலாக நீந்தின. அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

அடுத்த கணம் தண்ணீர் வெடித்தது. ஸ்டெல்லா வீலென்று கத்திக்கொண்டு கையை உதறித் தூக்கினாள். கையோடு மீனும் வந்தது. முழங்கை நீள விரால், கட்டைவிரலுக்குக் கீழே சதையைக் கவ்வியபடி ஒரு நொடி அந்தரத்தில் தொங்கியது. எங்களைப் பார்த்து வெள்ளை வயிறு. ஜோடியாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு துடுப்பு. பிறகு பிடியை விட்டுத் தொப்பென்று விழுந்து, கரையைப் பார்த்து ஓடாமல், ஆழத்தைப் பார்த்தும் ஓடாமல், நேரே குஞ்சுக் கூட்டத்துக்கு அடியில் போய் நின்றது.

"ஏத்தா! ஒத்தத் துடுப்பு! ஒத்தத் துடுப்பு!" பஞ்சவர்ணம் அக்கா கரையில் நின்று குதித்தார்.

"நானும் பாத்தேன், நானும் பாத்தேன்" என்று சேகர் அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் கண்ணில் தண்ணீர்.

ஸ்டெல்லா தண்ணீரிலேயே நின்றாள். கையிலிருந்து ரத்தம் சொட்டியது. அதை அவள் பார்க்கவே இல்லை.

"கடிச்சிருச்சு வசந்தி" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான். "என் கையில தின்ன மீனு. என்னையவே கடிச்சிருச்சு. இந்தக் கை இன்னாருதுன்னுகூட அதுக்கு ஞாபகம் இல்ல."

அவளைக் கைத்தாங்கலாகக் கரையேற்றினோம். அக்கா தன் முந்தானையைக் கிழிக்கப் போனார். தடுத்து, என் கைக்குட்டையைக் கட்டினேன். கட்டி முடிப்பதற்குள் ஸ்டெல்லா அவரிடம் அடுத்த வருடத்துக்கான பேச்சைத் தொடங்கிவிட்டாள். "ஐந்நூறு கொண்டாரேன்க்கா. மழை பேஞ்சு கண்மாய் நெறஞ்ச உடனே போன் போடுங்க." அக்கா தலையாட்டிக்கொண்டே, இனிமேல் படித்துறையில் மீன் வந்து நின்றாலும் தான் தொடப்போவதில்லை என்று சத்தியம் செய்தார். குழம்பு வாசம் வந்தால் என்ன செய்வாரோ தெரியாது.

ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அங்கிருந்து ஏதாவது கொண்டுவருவேன், குறைந்தது கொஞ்சம் வெள்ளரிப் பிஞ்சாவது. இந்த முறை கொண்டுபோனதையும் விட்டுவிட்டுக் காலி டிரம்களோடு வருகிறோம். எங்கள் வீட்டில் பிள்ளைகள் நம்மை மறக்கக் கூடாது என்பதற்காகவே எவ்வளவு பாடுபடுகிறோம். இவள் இரண்டு மாதமாகத் தன்னை மறக்கச் செய்யப் பாடுபட்டிருக்கிறாள். அது எப்படி முடியும் என்று காலையில் எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, வயலைப் பார்த்துச் சிரித்தபடி வந்தவளைப் பார்த்தபோது கொஞ்சம் புரிந்தது.

கண்மாய்த் தண்ணீர் பட்ட காயம், டிடி ஊசி போடாமல் மதுரைக்குள் நுழைய விடமாட்டேன் என்று சேகர் அண்ணன் மேலூரிலேயே ஒரு சின்ன கிளினிக் வாசலில் நிறுத்திவிட்டார். டாக்டர் கட்டணம் நூற்றைம்பது ரூபாய், ஊசி தனி. உள்ளே கூட்டம். பெரும்பாலும் காய்ச்சல், ஒன்றிரண்டு நாய்க்கடி. நர்ஸ் பெண்ணுக்கு நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. கைக்குட்டையை அவிழ்த்துக் காயத்தைத் துடைத்துக்கொண்டே, எல்லோரிடமும் கேட்கிற வரிசையில் ஸ்டெல்லாவிடமும் கேட்டாள்.

"என்ன கடிச்சது?"

"மீனு."

பஞ்சு ஒரு கணம் நின்றது. பழக்கம் விடவில்லை, அடுத்த கேள்வியும் வந்துவிட்டது.

"வீட்ல வளக்குறதா, வெளிய திரியுறதா?"

ஸ்டெல்லா கையைத் திருப்பிக் காயத்தைப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"நான் வளத்ததுதான்மா. இப்ப வெளிய திரியுது."